ஏழு துண்டுகள், ஒரே பெயர்: அம்பரைச் சோதித்த குறிப்புகள்

அம்பர் என்று எழுதிய ஒரே பெட்டியில் ஏழு துண்டுகள் கலந்து கிடந்தன. அவற்றில் எது மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து முதிர்ந்த மரப்பிசினான உண்மையான அம்பர், எது அதன் இளைய உறவான, இன்னும் முதிராத கோபல், எது ஆலையில் வார்த்த பிளாஸ்டிக் என்று பிரித்தறிந்த குறிப்பேடு இது. கையில் இருந்த கருவிகள் எளியவை: பத்து மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ரத்தினம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் ஒளிவிலகல்மானி. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஓர் ஆய்வுக்கூடத்தின் அகச்சிவப்பு நிறமாலைமானி கிடைத்தது.

துண்டுகளுக்கு அ முதல் எ வரை பெயர் வைத்தேன். ‘அ’ மேல்தோல் கறுத்துச் சொரசொரப்பான கட்டி. உடைந்த ஓரத்தில் மட்டும் இளமஞ்சள் கலங்கலாகத் தெரியும். ‘ஆ’ ஒரு பக்கம் மெருகிட்ட, வெளிர்மஞ்சள் நிறத் தெளிவான கட்டி, உள்ளே எறும்புகள். ‘இ’ கருஞ்சிவப்பு மணி. ‘ஈ’ நீள்வட்ட வில்லை, நட்டநடுவில் ஒரு முழுப் பூச்சி. ‘உ’ மெருகேற்றிய தங்கநிறப் பதக்கக் கல். ‘ஊ’ பழுப்பு நிலக்கரித் தூள் இன்னும் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சில்லு. ‘எ’ ஆரஞ்சு நிற மணி.

சோதனை வரிசையை முதலிலேயே முடிவு செய்து எழுதி வைத்தேன்: பார்வை, ஒளி, எடை, கரைப்பான், கடைசியில் நிறமாலை. பொருளுக்குச் சேதம் செய்யாத சோதனை முன்னால். அதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கும் சோதனை பின்னால். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் கேள்விக்கு விடை தரும் என்றும் எழுதினேன். இந்த வேலை முழுவதிலும் அதிகம் உதவியது அந்தப் பக்கம்தான். அம்பர் விஷயத்தில் கேள்விகள் நான்கு. பொருள் மரப்பிசினா, செயற்கையா? பிசின் என்றால் மண்ணுக்குள் கிடந்து முதிர்ந்ததா, இன்னும் இளசா? முதிர்ந்தது என்றால் எந்த வகைப் பிசின், எந்தப் படிவு? கட்டி இயற்கையில் கிடைத்தபடியே இருக்கிறதா, மனிதர் சூடாக்கி அழுத்திச் செய்ததா? ஒரே சோதனையில் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லும் குறிப்புகள் எல்லாம் இந்த நான்கையும் ஒரே கேள்வியாக எண்ணிக்கொள்கின்றன.

லென்ஸின் கீழ்

‘எ’ மணியில் துளையிலிருந்து துளைக்கு ஓடும் மெல்லிய கோடு தெரிந்தது. இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடம் அது. பிசினில் அப்படியொரு கோடு வர வழியில்லை. இந்தக் கோடு பின்னால் எவ்வளவு முக்கியமானது என்பதை நிறமாலை பார்க்கும்போது சொல்கிறேன்.

‘அ’ கட்டியின் கலங்கல், லென்ஸில் எண்ணிலடங்காத நுண்குமிழிகளாகப் பிரிந்தது. உடைந்த ஓரத்தைத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது நட்சத்திரம் போல் கிளைத்த நுண்ரோமங்கள் இரண்டு மூன்று தென்பட்டன. ஓக் மரத்தின் பூ, மொட்டுகளிலிருந்து உதிர்ந்து ஒட்டிய ரோமங்கள் அவை. வடக்கு ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும் பால்டிக் அம்பரில் அடிக்கடி காண்பவை. போலி செய்பவர் பெரிய பூச்சியைத்தான் உள்ளே வைப்பார். கண்ணுக்கே தெரியாத ரோமத்தை வைக்கமாட்டார். அதனால் எனக்கு எறும்பு, சிலந்தியைவிட இந்த ரோமங்கள் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

‘ஆ’ கட்டியின் மெருகிடாத பக்கம், வறண்ட குளத்தின் அடிமண் வெடித்ததுபோல் சிறுசிறு கட்டங்களாக விரிசல் விட்டிருந்தது. எளிதில் ஆவியாகும் பகுதிகள் மேற்பரப்பிலிருந்து வெளியேறி, தோல் சுருங்குவதால் வருவது இது. கோபலில் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். வெளிச்சத்திலும் உலர்ந்த காற்றிலும் நெடுநாள் கிடந்த பழைய அம்பரிலும் வரும் என்பதால் இதை ஐயம் என்ற பத்தியில்தான் எழுதினேன்.

‘ஈ’ வில்லையின் பூச்சி சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. கால்கள் ஒழுங்காக விரிந்து, இறக்கை சமச்சீராகப் படுத்து, காட்சிக்கு வைத்தது போன்ற நிலை. பிசினில் சிக்கும் பூச்சி தப்பிக்கப் போராடும். கால் முறுக்கிக்கொள்ளும், அருகில் குமிழி சேரும், அது அசைந்த தடம் பிசினில் சுழலாகப் பதியும். பால்டிக் அம்பரில் பல பூச்சிகளின் ஒரு பக்கம் வெண்மையான படலம் மூடியிருக்கும். உடல் சிதையும்போது வெளியான ஈரமும் வாயுவும் நுண்குமிழிகளாக உறைந்தது அது.

ஆனால் பூச்சியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதன் ஆபத்துக்கு அம்பர் வரலாற்றிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருக்குள் ஒரு கழிப்பறை ஈ இருந்தது. 1850-இல் ஹெர்மன் லோவ் என்ற பூச்சியியலாளர் அதைப் பதிவு செய்தார். இன்றைய ஈயிலிருந்து அது சற்றும் மாறுபடவில்லை என்பதால், 1966-இல் இன்னொரு பூச்சியியலாளரான வில்லி ஹென்னிக் அதைத் தனியே ஆராய்ந்து எழுதினார். 1993-இல் தொல்லுயிரியலாளர் ஆண்ட்ரூ ராஸ் நுண்ணோக்கியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தோன்றியது. யாரோ அம்பரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குடைந்து, அண்மைக்கால ஈயை வைத்து, மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். அம்பர் உண்மை, ஈ போலி. எந்த ரசாயனச் சோதனையும் இதைக் காட்டிக் கொடுத்திருக்காது. ஆகவே உள்ளே பூச்சி இருக்கும் எந்தத் துண்டையும் பக்கவாட்டில் திருப்பி, பூச்சி கிடக்கும் தளத்தில் ஒட்டுக்கோடு ஓடுகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ‘ஆ’ கட்டியில் அப்படி எதுவும் இல்லை.

கம்பளியில் உரசிக் காகிதத் துணுக்கை இழுக்கிறதா என்ற பழைய சோதனையை நான் செய்யவில்லை. பிளாஸ்டிக்கும் இழுக்கும், கோபலும் இழுக்கும். அது எந்தக் கேள்விக்கும் விடை தராது.

இருட்டில் புற ஊதா, திரையின் முன் ஒளிவிலகல்

புற ஊதா டார்ச்சுக்குக் கண்ணாடி அணிவது கட்டாயம். அறையை இருட்டாக்கி, கண் பழகிய பிறகே பார்க்க வேண்டும். ‘அ’ கட்டியின் கறுத்த தோல் மங்கலான ஆலிவ் நிறம். புதிதாகச் சுரண்டிய இடம் பளிச்சென்ற நீலவெண்மை. ஒரே கட்டியில் இரண்டு நிறம். காற்றோடு வினைபுரிந்த தோல் வேறு விதமாக ஒளிர்வதால் வரும் இந்த வேறுபாடு நல்ல அறிகுறி. ‘ஆ’ வலுவில்லாத வெண்மை. ‘ஊ’ மங்கிய நீலம். ‘இ’ ஒளிரவே இல்லை. ‘ஈ’, ‘எ’ இரண்டும் லேசான ஊதா கலந்த நீலம் காட்டின. பிளாஸ்டிக்கும் ஒளிரும் என்பதால் ஒளிர்கிறது, எனவே அம்பர் என்று தாவிவிடக் கூடாது.

இந்தச் சோதனையின் உண்மையான பயன் ‘உ’ கல்லில் தெரிந்தது. சாதாரண வெளிச்சத்தில் குறையே இல்லாத தெளிவான கல், புற ஊதாவில் ஒழுங்கற்ற தட்டுத் தட்டான பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பகுதியும் சற்றே வேறு நீலம். இடையில் கருத்த எல்லைக்கோடுகள். சிறு அம்பர்த் துண்டுகளைச் சூடாக்கி, மென்மையான நிலையில் உயர் அழுத்தத்தில் ஒன்றாக்கிச் செய்யும் அழுத்த அம்பரின் முகம் இது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே இதைச் செய்து வருகிறார்கள். ஒவ்வொரு சில்லின் பழைய தோலும் எல்லைக்கோடாக உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதை உறுதிப்படுத்த இன்னொரு எளிய வழி இருக்கிறது. கணினியின் எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது. திரையை முழு வெண்மையாக்கி, கேமராவுக்குப் பயன்படும் முனைவாக்க வடிகட்டியைக் கண்முன் பிடித்துத் திரை இருளும்வரை திருப்பி, இரண்டுக்கும் நடுவில் துண்டை வைத்தால் உள்ளே உறைந்திருக்கும் அழுத்தம் வண்ணங்களாகத் தெரியும். ‘உ’ திட்டுத்திட்டாக ஒளிர்ந்தது. ‘ஆ’ கட்டியில் எறும்புகளைச் சுற்றி மட்டும் வண்ண வளையங்கள். ‘எ’ மணியில் துளையைச் சுற்றி வானவில் பட்டைகள் நெருக்கமாக நின்றன. உருக்கி அச்சில் செலுத்திய பிளாஸ்டிக்கில் இப்படித்தான் வரும். ‘ஈ’ கிட்டத்தட்ட இருட்டாகவே இருந்தது.

மெருகிட்ட பரப்பு உள்ளவற்றை மட்டும் ஒளிவிலகல்மானியில் வைத்தேன். ‘ஆ’, ‘உ’ இரண்டும் 1.54. ‘ஈ’ 1.49. ‘எ’ 1.59. ‘இ’ 1.63-க்குப் பக்கம். அம்பரும் கோபலும் 1.54-ஐ ஒட்டியே வரும், பிளாஸ்டிக் வகைகளில் அக்ரிலிக் 1.49, பாலிஸ்டைரீன் 1.59, பேக்கலைட் 1.6-க்கு மேல். ஒரு நிமிட வேலை, பொருளுக்குச் சேதமில்லை, பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலானவை இங்கேயே கழிந்துவிடும். இந்தக் கருவி கையில் இருப்பவர்கள் உப்பு நீருக்கு முன்பே இதைச் செய்துவிடலாம். கருவியின் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் இடும் தொடுதிரவத்தை மட்டும் உடனே துடைத்துவிட வேண்டும். பிசின் பரப்பில் அது தங்குவது நல்லதல்ல.

உப்பு நீர்

எல்லோரும் சொல்லும் சோதனை இது: அம்பர் உப்பு நீரில் மிதக்கும், போலி மூழ்கும். எவ்வளவு உப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைப் போட்டால் கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.20 ஆகிவிடும். அக்ரிலிக்கின் அடர்த்தி 1.18. அதாவது அந்த நீரில் அக்ரிலிக்கும் மிதந்து, அம்பர் என்று பெயர் வாங்கிவிடும். அம்பரின் அடர்த்தி 1.05-க்கும் 1.10-க்கும் இடையில். நமக்கு வேண்டியது அந்த எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் கரைசல். 850 கிராம் தண்ணீரில் 150 கிராம் உப்பு கரைத்தால் அறை வெப்பநிலையில் 1.11 கிடைக்கும்.

இரண்டு பாத்திரம் வைத்தேன்: ஒன்று 1.11, மற்றொன்று முழுச்செறிவு. ‘ஈ’ முதலாவதில் மூழ்கியது, இரண்டாவதில் மிதந்தது. ‘இ’ இரண்டிலும் மூழ்கியது. மற்ற ஐந்தும் இரண்டிலும் மிதந்தன. துண்டின் மேல் ஒட்டும் காற்றுக் குமிழி விடையை மாற்றிவிடும். ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்து, தூரிகையால் குமிழிகளைத் தட்டிவிட வேண்டும். மணிகளின் துளைக்குள் காற்று நின்றுவிடும், அதையும் கவனிக்க வேண்டும். உலோகம் கோத்த நகை, நூலில் கோத்த மாலை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் விரிசல்களில் உப்பு படிகமாகும்.

மிதந்தது, மூழ்கியது என்பதோடு நிற்காமல் அடர்த்தியை எண்ணாகவே அளந்தேன். முதலில் துண்டை உலர்ந்த நிலையில் நிறுக்க வேண்டும். பிறகு தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, துண்டை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், துண்டு இடம்பெயர்த்த நீரின் எடை. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. ‘அ’ 6.84 கிராம், இடம்பெயர்த்த நீர் 6.40, அடர்த்தி 1.07. ‘ஆ’ 4.10, 3.88, அடர்த்தி 1.06. ‘இ’ 2.60, 2.06; அடர்த்தி 1.26. ‘ஈ’ 9.36, 7.93, அடர்த்தி 1.18. ‘உ’ 3.15, 2.94, அடர்த்தி 1.07. ‘ஊ’ 1.28, 1.22, அடர்த்தி 1.05. ‘எ’ 1.90, 1.81, அடர்த்தி 1.05.

கடைசி இரண்டையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். துண்டு சிறியதாகும்போது தராசின் 0.01 கிராம் பிழையே பெரிதாகிவிடும், ‘ஊ’ 1.04 முதல் 1.06 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அரை கிராமுக்குக் குறைந்த மணியில் இந்த முறைக்குப் பொருளே இல்லை. அளவு துல்லியமாக இருந்தாலும் கோபல், அம்பர், பாலிஸ்டைரீன் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இடைவெளி இது. உப்பு நீர் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் பாதிக்குத்தான்.

இந்த இடத்தில் ‘இ’ பேக்கலைட் வகைப் பிளாஸ்டிக், ‘ஈ’ அக்ரிலிக் என்று எழுதி ஒதுக்கி வைத்தேன். அடர்த்தியும் ஒளிவிலகலும் ஒத்துப்போயின. செர்ரிச் சிவப்பில் பழைய அம்பர் மாலை என்று சொல்லப்படுபவற்றில் பேக்கலைட் நிறையவே உண்டு; 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அம்பருக்கு மாற்றாகவே அதில் மணி செய்தார்கள்.

ஒரு சொட்டு அசிட்டோன்

பிசின் மரத்திலிருந்து வழியும்போது அதில் டைட்டர்பீன் என்னும் சிறு மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கும். மோனோடர்பீன் போன்ற ஆவியாகும் பொருள்கள் மெல்ல வெளியேற, மீதமுள்ளவை இரட்டைப் பிணைப்புகளின் வழியே கைகோத்து நீண்ட வலையாகும். வலை நெருங்க நெருங்கக் கரைப்பான் உள்ளே நுழைய முடியாது. கோபலில் கரையும் பகுதி இன்னும் நிறைய இருக்கும். அசிட்டோன் சோதனையின் அடிப்படை இவ்வளவுதான்.

கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு, அரை நிமிடம், பிறகு விரலுறையோடு தொட்டுப் பார்த்தல். ‘அ’, ‘உ’ இரண்டிலும் மாற்றமில்லை. ‘ஆ’ ஒட்டியது, விரல் தடம் பதிந்தது. ‘எ’ மணியின் துளை ஓரம் குழைந்து இழைந்தது. ‘ஊ’ சில்லும் ஒட்டியது.

வழக்கமான குறிப்புப்படி ‘ஊ’ கோபல் என்று முடித்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஒட்டியிருப்பது பழுப்பு நிலக்கரி. சில நூறு ஆண்டுகளோ சில ஆயிரம் ஆண்டுகளோ ஆன பிசின் நிலக்கரிப் படுகைக்குள் இருக்க வாய்ப்பில்லை. சோதனை ஒன்று சொல்ல, படிவு வேறொன்று சொன்னது. கரைப்பான் சோதனை அளப்பது வலை எவ்வளவு நெருக்கம் என்பதை, வயதை அல்ல. சில மரக்குடும்பங்களின் பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆனாலும் நெருங்கிய வலையாவதில்லை. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் காம்பே அம்பர் அப்படிப்பட்டது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமை. குங்கிலியம் தரும் டிப்டெரோகார்பேசி குடும்ப மரங்களின் பிசின். 2010-இல் வெளியான ஆய்வில், அந்த அம்பரைக் கரைப்பானில் கரைத்து உள்ளிருந்த பூச்சிகளை முழுதாக வெளியே எடுக்க முடிந்ததைக் காட்டினார்கள். அசிட்டோனில் ஒட்டியது என்பதற்காக அதைக் கோபல் என்று ஒதுக்கியிருந்தால் ஒரு தொல்லுலகமே கைநழுவியிருக்கும்.

சூடான ஊசியைப் பற்றி: எந்தத் துண்டிலும் நான் ஊசி குத்துவதில்லை. தடம் நிலையாகத் தங்கும், செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பற்றும், கிடைக்கும் விடையோ ஒரு மணம் மட்டும். கத்தி முனையால் சுரண்டும்போது பிசினைப் போலப் பொடியாக உதிர்கிறதா, பிளாஸ்டிக்கைப் போலச் சுருள்கிறதா என்று பார்ப்பது அதைவிட நல்ல அறிகுறி. அந்தப் பொடி நிறமாலைக்கும் தேவைப்படும்.

நிறமாலை பேசியது

அமெரிக்காவின் வஸ்ஸார் கல்லூரியைச் சேர்ந்த கர்ட் பெக் 1964-இல் அம்பரின் அகச்சிவப்பு நிறமாலைகளை வெளியிட்டார். கிரேக்கத்தில் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்த அம்பர் மணிகள் வடக்கிலிருந்து வந்தவையா என்ற தொல்லியல் கேள்விக்கு வேதியியலால் விடை தேடியவர் அவர். அந்த வழியைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள்.

தோலை நீக்கிவிட்டு உள்பகுதியிலிருந்து ஒரு மில்லிகிராம் அளவுக்குப் பொடி சுரண்டினேன். மேல்தோல் ஆக்சிஜனோடு வினைபுரிந்தது. அதன் நிறமாலை உள்பகுதியுடையது போல் இருக்காது. இந்தப் பொடியை 150 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்போடு அரைத்து, அழுத்தி, மெல்லிய ஒளிபுகும் வில்லையாக்க வேண்டும். இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்று: பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை உறிஞ்சும். நீர் ஒளியை உறிஞ்சும் பட்டை, அலையெண் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்ற எண்) 1640-ஐ ஒட்டி விழும். இளம் பிசினின் இரட்டைப் பிணைப்பும் 1645-இல்தான் விழும். ஈரமான உப்பில் செய்த வில்லை, நல்ல அம்பரையும் கோபல் போலக் காட்டும். 110 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்திய உப்பை மட்டுமே பயன்படுத்தினேன். 3400-இல் அகன்ற நீர்ப் பட்டை எழுகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அரைப்பதும் சுருக்கமாக இருக்க வேண்டும், உராய்வுச் சூட்டில் பிசின் இளகிக் கல்வத்தில் ஒட்டிக்கொள்ளும்.

‘அ’ கட்டியின் வரைகோட்டைத் திரையில் பார்த்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. 1250-இலிருந்து 1180 வரை சமதளமான ஒரு தோள். அதை அடுத்து 1160-இல் செங்குத்தாக இறங்கும் கூர்மையான பட்டை. பால்டிக் தோள் என்று பெயர் பெற்ற இந்த வடிவம்தான் சக்சினைட் எனப்படும் பால்டிக் அம்பரின் அடையாளம். இதற்குக் காரணம் சக்சினிக் அமிலம். பால்டிக் அம்பரில் எடையில் 3 முதல் 8 விழுக்காடு வரை அது இருக்கும். 1546-இலேயே கியோர்க் அக்ரிகோலா அம்பரைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்திருக்கிறார். அந்த அமிலம் பிசின் வலையின் இழைகளை எஸ்டர் பிணைப்புகளால் (அமிலமும் ஆல்கஹாலும் சேரும் பிணைப்பு) குறுக்கே கட்டுகிறது. 1735-இல் தெரிந்த கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டையும் 1160-இல் தெரிந்த பட்டையும் அந்த எஸ்டரின் இரு முனைகள். காற்றில் சிதைந்த அம்பரில் தோள் சமதளமாக இல்லாமல் சரிவாகிவிடும். தோலைத் தவிர்த்ததன் பயன் இங்கே தெரிந்தது.

‘உ’ கல்லிலும் அதே தோள். நிறமாலை மட்டும் பார்த்திருந்தால் பால்டிக் அம்பர், நல்ல கல் என்று எழுதி முடித்திருக்கலாம். பொருள் பால்டிக் அம்பர் என்பது உண்மை. அது பல சில்லுகளை அழுத்திச் செய்த கல் என்பதும் உண்மை. முதலாவதைச் சொன்னது அகச்சிவப்பு, இரண்டாவதைச் சொன்னது புற ஊதா டார்ச்.

‘ஆ’ எதிர்பார்த்தபடியே வந்தது. 3080, 1645, 888 மூன்றிலும் உயரமான பட்டைகள், தோள் இல்லை. மூன்றும் ஒரே அமைப்பின் தடயங்கள்: வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைப் பிணைப்புள்ள மெத்திலீன். பிசின் முதிர முதிர இது வினைபுரிந்து குறைந்துகொண்டே போகும். 888 தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக் கோபல் என்று சொல்லிவிடக் கூடாது. ஹைமீனியா என்னும் மரத்தின் பிசினான டொமினிகன் அம்பர் 1.5 கோடி முதல் 2 கோடி ஆண்டுப் பழமையுடையது, அதிலும் 888 தெரியும். மூன்று பட்டைகளும் சேர்ந்து எவ்வளவு வலுவாக நிற்கின்றன, அசிட்டோனில் என்ன ஆனது, தோலின் விரிசல் எப்படி என்று எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததால்தான் ‘ஆ’ கோபல் என்று எழுதினேன். எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை: கோபலை அழுத்தக் கலனில் சூடாக்கினால் இந்தப் பட்டைகள் மங்கும், கரைப்பானைத் தாங்கும் திறனும் கூடும். விற்பனைக்கு வரும் பளிச்சென்ற பச்சை நிறக் கற்களில் இப்படிச் செய்தவை உண்டு.

‘எ’ மணிக்கு 3025, 1601, 1493, 1452, 757, 698 என்று கூரான பட்டைகள். பாடநூல் பாலிஸ்டைரீன். ஆனால் இயற்கையிலேயே பாலிஸ்டைரீன் ஆன பிசின் உண்டு! 1992-இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் தொல்பிசின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தபோது மூன்றாம் வகுப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்கினார்கள். ஜெர்மனியின் சீக்பர்கைட் என்னும் தொல்பிசின் அதில் அடங்கும். ஆகவே இந்த நிறமாலையை மட்டும் வைத்துப் பிளாஸ்டிக் என்று சொல்வதும் அவசரம்தான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்த அச்சுக்கோடு இங்கே தீர்ப்பு சொன்னது.

‘ஊ’ சில்லில் பால்டிக் தோள் இல்லை. 888-உம் இல்லை. 1385, 1365 என இரட்டையாகப் பிளந்த பட்டை, ஐசோபுரோப்பில் குழுவின் அடையாளம். காடினீன் என்னும் செஸ்குவிடர்பீன் (பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு) தொடர்களால் ஆன இரண்டாம் வகுப்புப் பிசினுக்குப் பொருந்தும் முகம். இளம் கோபலில் இருக்க வேண்டிய மெத்திலீன் இல்லாமலே அசிட்டோனில் இளகுவதும் அந்த வகுப்போடு ஒத்துப்போகிறது. கோபல் என்ற பெயரை அடித்துவிட்டு, இரண்டாம் வகுப்புத் தொல்பிசின் என்று எழுதினேன். இந்த ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெட்டியில் கண்ணுக்கு அழகில்லாமல் கிடந்ததும் இதுதான்.

அட்டையில் எழுதியவை

எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு இந்தச் சோதனைகளில் எதுவும் விடை தராது. அம்பரின் வயதை அது கிடைத்த பாறைதான் சொல்லும். மியான்மர் அம்பர் படிவத்தில் உள்ள சிர்க்கான் என்னும் கனிமத்தின் படிகங்களில் யுரேனியம்–ஈய விகிதத்தை அளந்து 9.88 கோடி ஆண்டு என்று 2012-இல் கணக்கிட்டார்கள். வெளியே கிடந்த எரிமலைத் துகள்கள் தந்த வயது அது, பிசின் தந்ததல்ல. கோபலுக்கு மட்டும் நேரடி வழி உண்டு: சுமார் 50,000 ஆண்டுக்கு உட்பட்டதானால் ரேடியோ கார்பனில் தெரிந்துவிடும். எடுத்த இடத்தின் குறிப்பு தொலைந்துபோன அம்பர் தன் வயதையும் தொலைத்துவிடுகிறது. அதனால் ‘ஊ’ சில்லில் ஒட்டிய நிலக்கரித் தூளை நான் துடைக்கவில்லை.

ஒவ்வொரு அட்டையிலும் பெயரோடு, அந்தப் பெயரைத் தந்த சோதனையையும் எழுதினேன். ‘அ’: பால்டிக் அம்பர், நிறமாலையும் நட்சத்திர ரோமமும். ‘உ’: பால்டிக் அம்பர், அழுத்திச் செய்தது, நிறமாலையும் புற ஊதாவும். ‘ஆ’: கோபல், நிறமாலையும் அசிட்டோனும்; வயது அளக்கவில்லை. ‘ஊ’: இரண்டாம் வகுப்புத் தொல்பிசின், நிறமாலையும் ஒட்டிய நிலக்கரியும், படிவு பதிவில் இல்லை. ‘இ’, ‘ஈ’, ‘எ’ மூன்றும் பிளாஸ்டிக் பெட்டிக்குப் போயின, ஒப்பீட்டு மாதிரிகளாக.

பிசின்களை வெளிச்சம் படாத டப்பாவில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி மாறாமல் இருக்குமாறு வைத்திருக்கிறேன். எண்ணெயோ வார்னிஷோ பூசவில்லை. பூசினால் அடுத்து யாராவது நிறமாலை எடுக்கும்போது அந்தப் பூச்சைத்தான் அளப்பார்கள். மீந்த பொடி நான்கும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் பெயரிட்டு அதே டப்பாவில் இருக்கின்றன. ‘ஊ’ பொடியை வெப்பத்தால் சிதைத்து, வாயு வண்ணப்பிரிகையோடு நிறை நிறமாலையில் பார்த்தால் காடினீன் தொடர்கள் நேரடியாகவே தெரியும். அடுத்த வேலை அதுதான்.